அப்பாவின் விடுப்புக் கடிதங்கள்

1
இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் எழுதிய முதல் புனைவு, அப்பாவின் விடுப்புக் கடிதம். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா தொழிற்சாலையில் கிரேன் ஓட்டினார். குடித்துவிட்டு எழ முடியாத காலைகளில் நான் எழுதுவேன். அவர் படுத்தபடியே, படிக்காமல் கையெழுத்துப் போடுவார். அம்மா கொண்டுபோய் வாட்ச்மேனிடம் கொடுப்பாள். குடும்பமே ஒரு பதிப்பகம் மாதிரி நடந்தது.

2
(குடிக்காதபோது அவர் தங்கமான— வேண்டாம். அவரிடம் அடி வாங்கிய அம்மாவுக்கு இந்த வாக்கியத்தால் என்ன ஆறுதல்?)

3
காய்ச்சல், வயிற்றுவலி எல்லாம் தீர்ந்துபோனதும் உறவினர்களைச் சாகடிக்க ஆரம்பித்தேன். ஒரே பெரியப்பாவை இரண்டு முறை கொன்றதுதான் தப்பாகிவிட்டது. சூப்பர்வைசர் இரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"உங்க பெரியப்பா போன மாசம் செத்தாரு. இன்னைக்கும் செத்திருக்காரு. எழுதுறது நீதானேம்மா?"

தலையசைத்தேன்.

"போன வாரம் உங்கப்பா ரெண்டு பேர் தலைக்கு மேல இரும்பைத் தொங்கவிட்டுட்டுத் தூங்கிட்டாரு. நானும் மூடி மறைச்சேன். உள்ளதை எழுதிக் குடு, சிகிச்சைக்கு அனுப்பச் சொல்லிப் பேசுறேன். வேலை போகாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். இந்தப் பொய்யை வாங்கிக்கிட்டா, நாளைக்கு மறுபடி மேல ஏறுவாரு."

4
இந்த இடத்தில் நான் துணிச்சலாகப் பேனாவை எடுத்ததாக மூன்று முறை எழுதிப் பார்த்தேன். பொய். என் கை நகரவேயில்லை. எடுத்தது அம்மா. கோணல்மாணலாக ஒரே வரி: 'என் வீட்டுக்காரர் குடிக்கிறார், வேலைக்கு வரும்போதும்.'

"இனிமே என்னால மறைக்க முடியாதுண்ணே," என்றாள்.

எனக்குப் பயமாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதிக்காக வெட்கப்பட்டேன்.

"சிகிச்சைக்குச் சம்மதம்னு அவரும் கையெழுத்துப் போடணும்," என்றார் சூப்பர்வைசர்.

5
அப்பா எழுந்து வந்தார். அம்மா தாளை நீட்டினாள். ஒரே வரியைப் படிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

"யாரு எழுதினது?"

"நான்தான்."

அம்மா பின்வாங்கவில்லை. நான் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

கையெழுத்துப் போட்டார் என்று ஒரு முடிவும், தாளைக் கிழித்துப் போட்டார் என்று ஒரு முடிவும் என்னிடம் இருக்கின்றன. எது நடந்தது என்று சொல்லமாட்டேன். உங்கள் வீட்டுக்கு எது பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். கிழித்ததை எடுத்துக்கொள்பவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும்: அம்மா என்னிடம் இன்னொரு தாள் கேட்டாள்.