விரற்கடை உயரத்தில் வெள்ளை ஷூ

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் ஆண்டு கோடையில், நியூயார்க்கின் ஹார்லெமில், ஆர்டெல் விட்லாக்கின் வெள்ளைக் கூடைப்பந்து ஷூ தரையைத் தொடுவதை நிறுத்திக்கொண்டது. பெரிய உயரமில்லை, ஒரு விரற்கடைதான். அடியில் செய்தித்தாளைச் செருகி மறுபக்கம் உருவலாம். தெருவில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அந்த வாரம் வெயில்தான் பேச்சு. சிக்கல் ஆடுகளத்தில் வந்தது. தாவுவதற்குக் கால் எதையாவது உதைக்க வேண்டும், நிற்பதற்கு அடிப்பாகம் தரையை உரசிப் பிடிக்க வேண்டும். ஆர்டெலுக்கு இரண்டுமே இல்லை. பந்தோடு ஓடியவன் கூடையைத் தாண்டி, திறந்திருந்த வேலிக்கதவையும் தாண்டி, ஐஸ் வண்டியில் மோதித்தான் நின்றான்.

"ஞாயித்துக்கிழமை பைனல்," என்றார் கோச் பிக்கெட். "அதுக்குள்ள கீழ எறங்கு. இல்லன்னா பெஞ்சுல உக்காந்திருக்கானே கிளியான், அவன் உன் எடத்துல ஆடுவான்."

"நானா வேணும்னு மெதக்கறேன், கோச்?"

"ஏன் மெதக்கறன்னு நான் கேட்டனா? எறங்குன்னேன்."

ஆர்டெலுக்கு உருப்படியாகத் தெரிந்தது ஆட்டம் ஒன்றுதான். அவன் பாதத்தின் அளவுக்கு இரவல் ஷூவும் கிடைக்காது, புதிது வாங்கக் கையில் காசுமில்லை. பையில் செங்கல் நிரப்பிச் சுமந்து பார்த்தான். முழங்கால் வலித்ததே தவிர உயரம் குறையவில்லை. ஷூவின் குதிகாலடியில் இருந்த காற்றறையில் ஊசியால் குத்தினான். சின்னதாகச் சத்தம் வந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு முயற்சியும் தோற்றபின் துக்கம் தாளாமல் சமையலறைத் தொட்டியருகே உட்கார்ந்து, பழைய பல் பிரஷ்ஷும் சோப்பும் கொண்டு ஷூவைத் தேய்ப்பான். அது அவனது வழக்கம். அந்தத் தெருவில் எல்லாப் பையன்களுக்கும் வழக்கம், ஆனால் இவன் அளவுக்கு யாரும் தேய்ப்பதில்லை.

"அதே மாதிரி ஒரு நாளு பல்லையும் தேய்டா," என்பாள் அக்கா வெர்னிஸ். "பேசறப்ப தள்ளி நிக்க வேண்டியிருக்கு."

இதற்கிடையில் தெரு வேறொன்றைக் கவனித்தது. வெயிலுக்குப் பையன்கள் தெருவோரத் தீயணைப்புக் குழாயைத் திறந்துவிட, நடைபாதையெல்லாம் தண்ணீர் வெள்ளமாக ஓடும்போதும் ஆர்டெலின் ஷூவில் ஒரு சொட்டுப் படவில்லை, முனையில் ஒரு மடிப்பு விழவில்லை. அவன் நடப்பதைப் பார்க்க புரூக்ளினிலிருந்து ஆட்கள் ரயிலேறி வந்தார்கள். பந்தையே தொடாதவர்கள் கடைக்குப் போய் அதே ஷூவைக் கேட்டார்கள்.

சனிக்கிழமை, மீன்கடை வாசலில், கையில் பொரித்த மீனோடு திரும்பிய கிளியான் ஆர்டெலின் வலது ஷூவை நன்றாக மிதித்துவிட்டான். வெள்ளை ஷூவை மிதித்தால் அங்கே அடிதடிதான். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"பாக்கல ஆர்டெல், சத்தியமா பாக்கல."

ஆர்டெல் குனிந்து பார்த்தான். ஷூவின் வெள்ளைத் தோலில் கறுப்பாக ஒரு தடம். அந்தக் கால் தரையில் இருந்தது. மற்றது இன்னும் மேலேயே இருந்ததால் அவன் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"பரவால்ல. இன்னொன்னையும் மிதி."

"என்னது?"

"மிதிடாங்கறேன். நல்லா தேச்சு மிதி."

கிளியான் மிதித்தான். ஆர்டெல் இறங்கினான். இரண்டு குதிகாலிலும் தார்ச்சாலையின் சூடு ஏறியதும் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. விஷயம் எளிது: அழுக்குதான் ஷூவைத் தரையோடு பிடித்து வைக்கிறது. அதன் கடைசித் துகளையும் அவனே தேய்த்து எடுத்திருந்தான்.

ஞாயிறன்று அழுக்கு ஷூவோடு தாவினான், நின்றான், ஜெயித்தான். கிளியானே அவனைத் தோளில் தூக்கிக்கொண்டான். மறுவாரம் ஆர்டெல் ஜெயித்த பணத்தில் இன்னொரு ஜோடி வாங்கினான், தேய்த்துத் தேய்த்து மிதப்பதற்கென்றே. தெருவும் அப்படியே செய்தது. சில வருடங்களில் நீதிபதிகளும் மணப்பெண்களும் முதல் ஜோடியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் வாங்கினார்கள். அவர்கள் விரற்கடை உயரத்தில் வங்கிக்கும் தேவாலயத்துக்கும் போய்வருவதை இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆடுவதற்கு ஒரு ஜோடி, அதைத் தேய்ப்பதில்லை. ஊர் சுற்ற ஒரு ஜோடி, அதில் ஆடுவதில்லை.