பிரேமலதாவின் பாதி

நீர்ப்பூங்கா வேன் ஸ்ரீரங்கத்தில் நின்றதும் டிரைவர் முன்சீட்டில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "முன்னாடியே ஏறும்மா" என்றான். பிரேமலதா ஏறி உட்கார்ந்தாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறியதிலிருந்து பின்னால் ஏழெட்டுப் பொம்பளைகளோடு இடிபட்டுக்கொண்டு, மடியில் சோற்றுத் தூக்கைப் பிடித்துக்கொண்டிருந்த காளியாயிக்கு அப்போதே வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

முன்சீட்டு சூப்பர்வைசர் உட்காரும் இடம். பழைய சூப்பர்வைசர் அம்மா மகள் பிரசவத்துக்கென்று திருப்பூர் போனவள், இனி வரவில்லை என்று சொல்லியனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு அந்த சீட்டில் சாப்பாட்டுப் பைகள்தான் உட்கார்ந்து வந்தன. ஆர்டர் வருவதற்கு முன்னாலேயே இவள் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ கூட்டியாந்த ஆளு மேடமாயிட்டா போலருக்கே" என்று பக்கத்திலிருந்த ரோஷன் பேகம் காதோடு சொன்னாள். "இனிமே வாங்க போங்கன்னுதான் கூப்பிடணும் நீ."

"கூப்புட்டா போச்சு. வாயா தேஞ்சிரப்போவுது" என்றாள் காளியாயி.

ரோஷன் பேகம் சிரித்தாள். காளியாயி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கூட்டி வந்தது உண்மைதான். ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு பேரும் எச்சில் இலை எடுத்தார்கள். புருஷன் விட்டுவிட்டுப் போன புதுசு, பிரேமலதா பாத்திரம் கழுவும் இடத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள். காளியாயிதான் நீர்ப்பூங்காவில் முதலில் சேர்ந்து, மேனேஜரிடம் நின்று கெஞ்சி இவளுக்கும் வேலை வாங்கிக் கொடுத்தாள். ஆசிட்டில் எவ்வளவு தண்ணீர் கலப்பது, மாப்பை எப்படிப் பிழிந்தால் கை நோகாது, குடித்துவிட்டு வரும் ஆட்களிடம் எப்படி முகத்தைக் கொடுக்காமல் இருப்பது, எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். அவள் பிளஸ் டூ படித்திருந்தாள் என்பது மட்டும் காளியாயி கொடுத்ததில்லை. இப்போது அதுதான் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தது.

காளியாயிக்கு அந்த வேலை வேண்டும். பெருமைக்காக இல்லை, முட்டிக்காக. சின்ன வயதில் சித்தாளாகப் போய் மூன்று மாடிக்குக் கல் சுமந்தவள். அதற்கப்புறம் காந்தி மார்க்கெட்டில் அழுகல் வெங்காயம் பொறுக்கினாள். புருஷன் தங்கையன் அங்கேதான் மூட்டை தூக்கினான். முதுகு போய் இப்போது வீட்டில் கிடக்கிறான். பூங்காவுக்கு வந்த பிறகு கக்கூஸ் வரிசையில் குத்த வைத்துத் தேய்த்துத் தேய்த்து முட்டி இரண்டும் வீங்கிவிட்டன. இனிமேல் குத்த வைத்து உட்கார்ந்தால் நடக்கவே முடியாது என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். குழந்தைகள் குளத்து வேலை நின்றபடி செய்வது என்பதால் கொஞ்ச நாளாக ஓட்டிக்கொண்டிருக்கிறாள். அதுவும் மேனேஜர் மனசு வைத்துக் கொடுத்தது, எப்போது வேண்டுமானாலும் மாற்றுவார். சூப்பர்வைசர் குனிய வேண்டியதில்லை. நடந்து பார்த்து, கை நீட்டிச் சொன்னால் போதும். மேனேஜர் ஹபீபுல்லாவிடம் வாய்விட்டே கேட்டிருந்தாள். "பார்ப்போம்மா" என்றார். பார்த்துவிட்டுப் பிரேமலதாவைக் கூப்பிட்டார்.

கொள்ளிடக் கரையில் பூங்கா. வாசலில் சிமெண்ட் டால்பின் ஒன்று வாயைத் திறந்துகொண்டு நிற்கும். உள்ளே சறுக்குகள், அலைக்குளம், ஓரமாகக் குழந்தைகள் குளம். குழந்தைகள் குளத்தில் பெரியவர்களுக்கு முழங்கால் அளவுதான் தண்ணீர். அதை ராத்திரியே வடித்துவிடுவார்கள். காலையில் தண்ணீர் விடுவதற்கு முன் இரண்டு பேர் வெறுங்காலோடு தரை முழுக்க நடக்க வேண்டும். பாதத்தைத் தூக்கி வைக்கக் கூடாது, தேய்த்துக்கொண்டே போக வேண்டும். ஹேர்பின், உடைந்த வளையல், பெயர்ந்த டைல்ஸ் எதுவானாலும் காலுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. நடுவில் ஒரு நீலக்கோடு. ஆளுக்கு ஒரு பாதி. முடித்ததும் கரையில் நிற்கும் மேனேஜரிடம் "கால் சுத்தம்" என்று அவரவர் பாதிக்கு அவரவர் சொல்ல வேண்டும். சொன்னவள்தான் அன்றைக்கு அந்தப் பாதிக்குப் பொறுப்பு.

இன்னொன்றும் உண்டு. இது மேனேஜர் போட்ட சட்டமில்லை, பொம்பளைகள் தங்களுக்குள் வைத்துக்கொண்டது. அவசரமாக எங்கேயாவது போக வேண்டியவள் பக்கத்து ஆளிடம் "பாத்துக்க" என்பாள். அவள் "ம்" சொல்ல வேண்டும். "ம்" சொல்லிவிட்டால் அந்த இடம் அவள் தலையில். ஏதாவது ஆகிவிட்டால் யார் "ம்" சொன்னது என்றுதான் முதல் கேள்வி வரும்.

அன்று இரண்டு பேரும் குளத்தில் இறங்கி நடக்க ஆரம்பித்ததும் ஆபீஸ் பையன் வந்து கூப்பிட்டான். சூப்பர்வைசர் சட்டைக்கு அளவு எடுக்க டெய்லர் வந்திருக்கிறாராம். பிரேமலதா சுவர் ஓரத்தில் நாலு வரிசைகூட நடந்திருக்க மாட்டாள். கரை ஏறிக் காலைத் துடைத்துக்கொண்டாள். பித்தளைத் தாம்பாளம் மாதிரிப் பளபளக்கும் குதிகால். காளியாயியின் குதிகால் வெடித்து, வெடிப்புக்குள் சிமெண்ட் நிறத்தில் அழுக்கு ஏறிக் கிடந்தது.

"அக்கா, எம் பாதியையும் கொஞ்சம் பாத்துக்கங்க. சட்டைக்கு அளவு எடுத்துட்டு ஓடி வந்துர்றேன்."

காளியாயி "ம்" சொல்லவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. பிரேமலதா அதைக் கவனிக்காமல் ஓடினாள். இத்தனை நாளில் காளியாயி ஒரு தடவைகூடச் சொல்லாமல் இருந்ததில்லை.

தன் பாதியை முடித்துவிட்டு, காளியாயி நீலக்கோட்டுக்கு அந்தப் பக்கமும் நடந்தாள். ஏன் நடந்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பழக்கம். காளான் குடை மாதிரி தண்ணீர் கொட்டும் தூணுக்குப் பக்கத்தில் கட்டைவிரல் தட்டியது. குனிந்து தடவினாள். ஒரு டைல்ஸ் விரிசல் விட்டு, ஒரு மூலை தெறித்துப்போய், மீதி கத்தி மாதிரி தூக்கி நின்றது. தேய்த்துக்கொண்டே வந்ததால் தப்பித்தாள். ஓடிவரும் குழந்தை மிதித்தால் பாதம் கிழிந்துவிடும்.

நிமிர்ந்தாள். கரையில் யாரும் இல்லை.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. பிரேமலதா வந்ததும் சொன்னால் என்ன ஆகும்? சரிக்கா என்பாள், கொத்தனாரைக் கூப்பிடுவாள். புது சூப்பர்வைசர் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள் என்று பேர் வரும். மேனேஜர் வரட்டும். அவள் வாயாலேயே "சுத்தம்" என்று சொல்லட்டும். அப்புறம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டலாம். நடக்காமலேயே சுத்தம் என்று சொல்கிறவளுக்கா சட்டை தைக்கிறீர்கள் என்று கேட்காமலேயே கேட்டுவிடலாம்.

பிரேமலதா மூச்சு வாங்க ஓடி வந்தாள். பின்னாலேயே ஹபீபுல்லாவும் வந்தார், காதில் போனோடு. மணப்பாறையிலிருந்து மூன்று ஸ்கூல் பஸ் வாசலுக்கு வந்துவிட்டதாம்.

"கால் சுத்தம் சார்" என்றாள் காளியாயி, தன் பாதிக்கு.

பிரேமலதா அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். காளியாயி முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"கால் சுத்தம் சார்" என்றாள் பிரேமலதாவும்.

காளியாயி வாயைத் திறந்தாள். அதற்குள் ஹபீபுல்லா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனில் பேசிக்கொண்டே வாசல் பக்கம் நடந்துவிட்டார். வால்வு திறந்து தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. அப்போதாவது கத்தியிருக்கலாம். மேனேஜர் திரும்பி வரட்டும், இன்னும் கொஞ்ச நேரம் என்று கரையிலேயே நின்றாள். தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஏறியது, முழங்கால் அளவுக்கு ஏறியது. மேனேஜர் வரவில்லை. குழந்தைகள் வந்தார்கள்.

அறுபது எழுபது குழந்தைகள் கூச்சலோடு குதித்தன. காளான் தூணிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்ததும் எல்லாம் அந்தப் பக்கமே ஓடின. அடுத்துச் செய்ததைக் காளியாயி யோசித்துச் செய்யவில்லை. யூனிஃபார்ம் புடவையோடு தண்ணீரில் இறங்கி, குழந்தைகளை விலக்கிக்கொண்டு போய், காலால் தடவி அந்த இடத்தைக் கண்டுபிடித்து, அதன் மேல் தன் பாதத்தை வைத்து நின்றுகொண்டாள்.

குளத்துக்குக் காவல் நிற்கும் லைஃப்கார்டு அற்புதசாமி விசில் ஊதினான். விருந்தாளிகள் இருக்கும்போது துப்புரவு ஆட்கள் குளத்தில் இறங்கக் கூடாது.

"யக்கா, என்ன நீயும் விளையாட வந்துட்டியா. ஏறு, ஏறு."

அவள் ஏறவில்லை. அவன் இன்னொரு தடவை ஊதினான். தலைமேல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. குழந்தைகள் அவளையும் ஒரு தூண் என்று நினைத்துச் சுற்றிச் சுற்றி ஓடின. ஒருத்தி அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எட்டிக் குதித்தாள். முதலில் பாதத்தில் வலி தெரியவில்லை. குதிகாலில் அவ்வளவு தடிப்பு. குதித்தவளின் பாரம் இறங்கியதும் தெரிந்தது.

"மிஸ், இந்த ஆயா கால்லேர்ந்து ரத்தம் வருது மிஸ்."

டீச்சர் குழந்தைகளைக் கரைக்கு இழுத்தாள். விசில் மூன்றாவது தடவை நீளமாகக் கேட்டது. ஹபீபுல்லா ஓடி வந்தார், பிரேமலதாவும் வந்தாள். குளம் காலியான பிறகுதான் காளியாயி காலைத் தூக்கினாள். அற்புதசாமி கையை விட்டுத் தடவிப் பார்த்து, "சார், டைல்ஸ் ஒடஞ்சிருக்கு. கத்தி கணக்கா நிக்குது" என்றான்.

டீச்சர் காளியாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றினீர்கள் என்று என்னென்னவோ சொன்னாள். ஹபீபுல்லாவின் முகத்தில் பயம் தெளிந்து கோபம் ஏறியது.

"இது யாரோட பாதி?"

"என்னோடது சார்" என்றாள் பிரேமலதா.

"நடந்தியா நீ?"

பிரேமலதா காளியாயியைப் பார்த்தாள். அக்காவிடம் பாத்துக்கச் சொன்னேன் என்று சொல்லப்போகிறாள், சொன்னால் நான் "ம்" சொல்லவில்லை என்று சொல்லிவிடலாம் என்று காளியாயி காத்திருந்தாள்.

"நடக்கல சார். அளவு குடுக்கப் போயிட்டேன். நடக்காமலே சுத்தம்னு சொல்லிட்டேன். எந் தப்புதான்."

அக்கா பேரை எடுக்கவில்லை. ஹபீபுல்லா அவளையே பார்த்தார். திட்டத்தான் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் குரல் இறங்கிவிட்டது. "ஒளிக்காம சொன்னியே, அது போதும்" என்றார். டீச்சர்கூட, ரத்தம் வடிய நிற்கிற காளியாயியின் கையை விட்டுவிட்டு, பிரேமலதாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

ஹபீபுல்லா காளியாயி பக்கம் திரும்பினார். "நீங்க எப்பம்மா பாத்தீங்க?"

இப்பத்தான் சார். இரண்டே சொல். தண்ணீருக்குள் ஏதோ தூக்கி நிற்கிற மாதிரி தெரிந்தது, இறங்கினேன், நின்றேன். அதைச் சொன்னால் இன்றைக்கே அந்த வேலை அவளுக்கு. கால் ரத்தமே சாட்சி. வாய்வரைக்கும் வந்துவிட்டது.

ஆனால் காளியாயியின் கண் பிரேமலதாவை விட்டு நகரவில்லை. ஈரத் தரையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். தப்பைச் செய்துவிட்டு, ஒப்புக்கொண்டு, அதற்கும் நல்ல பேர் வாங்கிக்கொண்டு நிற்கிறாள். படிப்பு அவளுக்கு, நல்ல கால் அவளுக்கு, முன்சீட்டு அவளுக்கு. உண்மை பேசுகிறவள் என்ற பேரையும் அவளே கொண்டுபோக விடுவதா? அந்த ஆத்திரத்தில்தான் சொன்னாள். நேர்மையில் சொல்லவில்லை.

"காலையிலயே பாத்தேன் சார். தண்ணி விடறதுக்கு முன்னாடியே. தெரிஞ்சுதான் சொல்லாம இருந்தேன்."

காளான் தூணை நிறுத்த மறந்திருந்தார்கள், அது மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

உண்மை சொன்னதற்கு அவளை யாரும் தலையசைத்துப் பார்க்கவில்லை. டீச்சர் ஒரு அடி பின்னால் போனாள். ஹபீபுல்லா சத்தம் போடவில்லை. நாளையிலிருந்து கார் நிறுத்தும் இடத்துக் கக்கூஸ் வரிசைக்குப் போங்கள், குளத்துப் பக்கம் வர வேண்டாம் என்றார். முட்டி பற்றி அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். பிரேமலதாவிடம் சட்டை இப்போதைக்கு வேண்டாம், பார்க்கலாம் என்றார்.

தண்ணீரை வடித்தார்கள். கொத்தனார் வந்து டைல்ஸை மாற்றிவிட்டுப் போனார். காளியாயி பாதத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தாள். பிரேமலதா தரையைக் கழுவி முடித்துவிட்டு அவள் முன்னால் வந்து நின்றாள்.

"ஒரு குழந்த மிதிச்சிருந்தா என்னக்கா பண்ணிருப்பீங்க?"

"அதான் நான் நின்னேனே."

"ஒரு வார்த்த சொல்லிருந்தா நிக்கவே வேணாமே."

"நான் 'ம்' சொல்லலையே. நீ ஏன் சுத்தம்னு சொன்ன?"

"நீங்களாச்சேன்னு சொன்னேன்" என்றாள் பிரேமலதா.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளத்தில் இறங்கினாள். தன் பாதியைத் தேய்த்துத் தேய்த்து நடந்து முடித்தாள். நீலக்கோட்டுக்கு வந்ததும் நிற்கவில்லை, தாண்டி இந்தப் பக்கம் வந்தாள்.

"அது எம் பாதிடி. காலையிலயே நடந்துட்டேன்" என்றாள் காளியாயி.

"தெரியும்."

நடந்துகொண்டே இருந்தாள். காளியாயி வரிசை வரிசையாக நடந்த டைல்ஸ் ஒன்றையும் விடவில்லை. அங்கே எதுவும் இருக்காது, சத்தியமாக இருக்காது என்று சொல்ல வேண்டும் போலிருந்தது காளியாயிக்கு. சொன்னால் யார் நம்புவார்கள்? பிரேமலதா பாதத்தை அழுத்தி அழுத்தித் தேய்த்துப் போனாள், தன் பாதியில் நடந்ததைவிட மெதுவாக.