உப்புப் போட்ட சாயம்

1

இந்தக் கதை ஒரு பசுவின் நாக்கில் பிறந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் லாரி ஓட்டுகிறவன். சினை பிடிக்காத மாடுகளைப் பண்ணைகளிலிருந்து ஏற்றிக்கொண்டுபோய் வெட்டுக்கூடத்தில் இறக்குவது என் பிழைப்பு. பண்ணையில் சினைச் சோதனை முடியும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கிறவன் ஒன்று தூங்குவான், இல்லை எழுதுவான். இந்த வெயிலில் லாரிக்குள் தூக்கம் வராது.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘பந்தனால் சதுப்பின் மேலே தனித்த ஒரு கொக்கு—’ (சீ. கொக்குக்கும் சினைக்கும் என்ன சம்பந்தம்?)

அப்புறம்: ‘கருப்பை என்பது—’ (வேண்டாம். எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

2

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் நெல்லூர் மாடுகளைத்* தேடிக் காளை வருவதில்லை, சினை ஊசிதான் வருகிறது. எல்லாப் பசுவும் ஒரே சமயத்தில் பருவத்துக்கு வர உள்ளே மருந்து வைப்பார்கள். அதை எடுக்கும்போது வாலடியில் சாயம் பூசுவார்கள். பருவத்துக்கு வந்த பசுவின்மேல் மற்றவை ஏறும், சாயம் தேய்ந்துபோகும். சினை ஊசி நாளன்று சாயம் அப்படியே இருக்கும் பசுவுக்கு மட்டும் கூடுதலாக ஒரு ஹார்மோன் ஊசி.

(* இந்த மாடுகளின் மூதாதைகள் கப்பலேறி இங்கே பந்தனாலுக்கு வந்தது உங்கள் பக்கத்து நெல்லூரிலிருந்துதானாமே.)

இந்த முறை பூசும் நேரத்தில் சாயம் தீர்ந்துவிட்டது. மேஸ்திரி ஜெனிவால் சமையற்கட்டுக்கு ஓடினார். சமையல்கார நேவுசா பன்றிக் கொழுப்பில் குழம்புக்கு நிறத்துக்காகப் போடும் காரமில்லாத சிவப்புப் பொடியைக் குழைத்துக் கொடுத்தாள். கூடவே உப்பும் போட்டாள்.

“ஏன்க்கா உப்பு?” என்று பிற்பாடு கேட்டேன்.

“கொழுப்பத் தொட்டா அடுத்து கை உப்புக்குத்தான் போவும். உப்பில்லாம எதையாச்சும் கலக்கியிருக்கேனா நான்?”

மாடு உப்பைக் கண்டால் விடுமா? ஒன்றின் பின்பக்கத்தை ஒன்று நக்கித் தீர்த்துவிட்டன. மாட்டு டாக்டர் ஊசி போட வந்தபோது ஒரு வாலிலும் சாயமில்லை.

“பாத்தீங்களா டாக்டரம்மா? ஒண்ணு பாக்கியில்லாம பருவத்துக்கு வந்திருச்சு. எல்லாம் நான் போட்ட தீனி” என்றார் ஜெனிவால்.

“இப்படி ஒரு மந்தைய நான் பாத்ததே இல்ல மேஸ்திரி” என்றார் டாக்டர் வலேஸ்கா. கூடுதல் ஊசி எதற்கும் போடவில்லை. பட்டிக்கு வெளியே வேட்டு வெடித்தார்கள். டாக்டரம்மா அடுத்த பண்ணைக்குக் கிளம்பிப் போன பிறகுதான் நேவுசா தன் செல்லப் பசு பித்தங்காவுக்குக் காய்ந்த ரொட்டி கொடுக்கப் போனாள். பசு வாயைத் திறந்தது. நாக்கு செக்கச்செவேலென்று இருந்தது.

3

பித்தங்கா அவள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கன்று. போன வருஷமும் சினை நிற்கவில்லை. முதலாளி அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: “இன்னொரு தடவ காலின்னா லாரிதான்.” அந்த லாரி என்னுடையது.

இந்த இடத்தில் நேவுசாவை அழவைக்கத் திட்டமிட்டிருந்தேன். அவள் ஒத்துழைக்கவில்லை. இன்று நான் லாரியோடு வந்ததும் சோறும் மொச்சையும் உப்புக்கண்டமும் தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தாள்.

“எதுக்குக்கா இவ்ளோ கறி?”

“தின்னுட்டுத் தூங்கு. லாரி சாவிய என்கிட்ட குடுத்துட்டுத் தூங்கு.”

கொடுத்துவிட்டேன். கறி அப்படி.

இதற்குள் ஜெனிவால் லாரிச் சன்னல் வழியாக எட்டி இதுவரை எழுதியதைப் படித்துவிட்டார்.

“என்ன மச்சான், என்னை இப்படி முட்டாளா எழுதியிருக்க?”

“நடந்ததத்தானே எழுதினேன்.”

“நடந்தது நடந்துபோச்சு. கதைலயாவது நான் அந்தச் சாயத்த முன்கூட்டியே ருசி பாத்திருக்கக் கூடாதா?”

சரி. ‘ஜெனிவால் குனிந்து, பசுவின் வாலடியை நாவால்—’ (அவரே அடித்துவிடச் சொல்லிவிட்டார்.)

4

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அ. சினை. நேவுசா எல்லாருக்கும் பாயசம் வைக்கிறாள், அதிலும் உப்பு.

ஆ. காலி. பித்தங்காவை நானே ஏற்றுகிறேன். அவள் பலகையில் ஏறும்போது ரொட்டிக்காகத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். (இது எனக்குப் பிடிக்கவில்லை.)

இ. மந்தை முழுக்க முதலாளியைச் சூழ்ந்துகொண்டு அவரை நக்கி—

5

விளையாட்டு போதும். ஊசி போட்டு இரண்டு மாதமாகிறது, சினைச் சோதனை நடந்துகொண்டிருக்கிறது. ஸ்கேன் பெட்டி சார்ஜ் இறங்கிச் செத்துவிட்டதால் கையால்தான் பார்க்கிறார்கள். சில பசுக்கள் மேய்ச்சலுக்குத் திரும்பின. சில என் லாரிப் பக்கம் வந்து நிற்கின்றன. இப்போது இரும்புக் கூண்டுக்குள் பித்தங்கா. சாயம் பருவத்தால் போனதா உப்பால் போனதா என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

டாக்டரம்மா கையை வெளியே எடுத்துவிட்டார். “கை மரத்துப்போச்சு, ஒண்ணும் தெரியல. வேற யாராச்சும் பாருங்க.”

நான் பார்க்க மாட்டேன். எது தட்டுப்பட்டாலும் அதை நானே எழுதியதாக ஆகிவிடும். படிக்கிற நீங்கள்தான் சும்மா இருக்கிறீர்கள். வாருங்கள்.

மோதிரத்தைக் கழற்றுங்கள். இது கையுறை, தோள்வரை வரும். இடது கை. ஜெனிவால் வாலைப் பிடித்துக்கொள்வார். உள்ளே சூடாக இருக்கும், பயப்படாதீர்கள். இன்னும் உள்ளே. கீழே தடவுங்கள். தண்ணீர் நிரம்பிய பலூன் மாதிரி ஏதாவது உருள்கிறதா?

நேவுசா உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் மடியில் என் லாரிச் சாவி இருக்கிறது.

“சினை இருக்குங்களா?” என்று கேட்கிறாள்.