உம்மா நடந்த கணக்கு

என் காக்கா உவைஸ், அதாவது என் அண்ணன், தோஹாவில் இருந்துகொண்டே குளச்சலில் இருக்கும் எங்கள் வீட்டை ஆள்கிறவன். கேஸ் தீர்ந்தால் அவனுக்குத் தெரிய வேண்டும். உம்மா மீன் வாங்கினால் என்ன மீன் என்று தெரிய வேண்டும். நாலு வீடு தள்ளித் தங்கை ஜஸ்னா என்று நான் ஒருத்தி குடியிருக்கிறேன் என்பது, யாரையாவது திட்ட வேண்டியிருக்கும்போதுதான் அவன் நினைவுக்கு வரும்.

அப்படிப்பட்டவன், விடுப்பில் ஊருக்கு வந்த கூட்டுக்காரன் ஒருவனிடம் ஒரு பெட்டி கொடுத்து அனுப்பியிருந்தான். உள்ளே கையில் கட்டுகிற கறுப்பு நிற ஃபிட்னஸ் பேண்ட். பெட்டி வந்து சேர்ந்த உடனே நிபந்தனையும் போனில் வந்து சேர்ந்தது.

"உம்மா, இத கெட்டிட்டு தெனமும் காலத்த, வெயிலுக்கு முந்தி நடக்கணும். நீ நடக்கது எனக்க போன்ல தெரியும். ஒரு மாசம் நல்லா நடந்து காட்டு, நாம ரெண்டு பேரும் மக்காவுக்கு உம்ரா போவோம். அங்க ரொம்ப நடக்கணும், கேட்டியா? முடியலேன்னா அடுத்த வருசம் பாக்கலாம்."

அடுத்த வருசம் என்ற பேச்சே உம்மாவுக்கு ஆகாது. வாப்பாவும் அடுத்த வருசம், அடுத்த வருசம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். மக்கா நகரைப் பார்க்காமலே மவுத்தாகிவிட்டார். அந்த ஆசை இப்போது உம்மா ஒருத்தியின் தலையில் இருக்கிறது.

"ஏட்டி, கெட்டு கையில" என்று என் முன்னால் கையை நீட்டினாள்.

கட்டிய நிமிடத்திலிருந்து கேள்விகள். எந்தக் கையில் கட்டணும்? இறுக்கியா, லூசாவா? மீன் கழுவும்போது வெள்ளம் பட்டால் கெட்டுப்போகுமா? பகலில் கொஞ்சம் கண்ணசந்தால் அதையும் அவனிடம் போய்ச் சொல்லிக் கொடுக்குமா? சாயாவில் எவ்வளவு சீனி போடுகிறேன் என்று தெரியுமா?

"உம்மா, இது பேண்டு. போலீசு இல்ல" என்றேன்.

இடது கையில் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு விட்டுக் கட்டினேன். தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்யும்போது அடியில் இருக்கிற தோலும் நனைய வேண்டும், அதனால் கழற்றிவிட்டுத் திரும்பக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். சொந்த மூக்குக் கண்ணாடியை வீடு முழுக்கத் தேடுகிற மனுஷி, இதை ஒரு வேளைகூட எங்கும் வைத்து மறக்கவில்லை.

விடியற்காலையில் சுபுஹு தொழுத கையோடு நடக்கக் கிளம்பிவிடுவாள். துணைக்குப் பக்கத்துத் தெரு வியாகுலம்மாள். ரெண்டு பேரும் சின்ன வயதிலிருந்தே சேக்காளிகள். துறைமுகம் வரை போய்த் திரும்பி வரும்போது சட்டை வியர்வையில் நனைந்திருக்கும், முகம் சிரித்திருக்கும். கால் வலிக்கிறது என்று ஒரு நாள்கூட உம்மா சொன்னதில்லை.

மாதம் முடியப் போகிற நேரத்தில் காக்கா என்னைக் கூப்பிட்டான்.

"ஏட்டி ஜஸ்னா, உம்மா நடக்கவே இல்லியே! காலத்த ஒண்ணையும் காணல."

"தெனமும் போறாளே. எனக்க கண்ணால பாக்கேன்."

"அப்பம் போன் பொய் சொல்லுதா? இன்னொண்ணு கேளு. காலத்த ஒண்ணுமில்ல. ஆனா போன வெள்ளியாச்ச சாயங்காலம் ஒரே நடை! ஆருக்க கையிலயோ கெட்டிவிட்டு என்னை ஏமாத்தப் பாக்கா."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. உம்மா பக்கத்தில்தான் இருந்தாள்.

"எனக்க வாயில பொய் வந்து நீ கேட்டிருக்கியா மக்கா?" என்றாள். குரல் உயரவே இல்லை. காக்கா தடுமாறினான். நாளைக்குள் லீவு எழுதிக் கொடுக்க வேண்டும், உம்மாவுக்கு அங்கே ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது, பயமாக இருக்கிறது என்று என்னென்னவோ சொல்லி போனை வைத்தான்.

உம்மா பேண்டைக் கழற்றி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். "அவன் மட்டும் போயிட்டு வரட்டும்ட்டி. எனக்கு விதிக்கல" என்றாள். காக்கா மேல் வந்த கோபத்தில் அன்று என் மாப்பிள்ளைக்குத் தேவையில்லாமல் நல்ல ஏச்சு விழுந்தது.

மறுநாள் காலையில் பேண்டை எடுத்து உம்மாவின் கையில் நானே கட்டினேன். இன்றைக்கு நானும் வருவேன், என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம் என்றேன். வியாகுலம்மாள் வாசலில் நின்றிருந்தாள்.

உம்மா வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டாள். வாப்பா கடைசியாக வாங்கிக் கொடுத்தது அது. அதன் இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தாடைக்குக் கீழே இடது கையால் பிடித்தாள். வலது கையில் ஓதிக்கொண்டே உருட்டுகிற தஸ்பீஹ் மணி. அப்படியே நடந்தாள். நல்ல நடை. எனக்குத்தான் மூச்சு வாங்கியது. தெரு திரும்பினோம், சந்தை கடந்தோம். அந்த இடது கை தாடையை விட்டு அசையவே இல்லை.

நான் நடுரோட்டில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன்.

இந்தச் சாமான் காலைப் பார்ப்பதில்லை. கை முன்னும் பின்னும் ஆடுவதை வைத்துத்தான் நடையை எண்ணுகிறது. போன வெள்ளிக்கிழமை என் வீட்டு விருந்துக்கு உம்மா ஒரே இடத்தில் உட்கார்ந்து தேங்காய் தேங்காயாகத் துருவித் தள்ளினாள். அதைத்தான் அது நடை என்று தோஹாவுக்குச் சொல்லியிருக்கிறது. நிஜமாக நடந்ததையெல்லாம் துப்பட்டி விழுங்கிவிட்டது.

சொன்னதும் உம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "அப்பம் நான் கள்ளி இல்ல!"

"கைய வீசி நட உம்மா. துப்பட்டிக்கு ஒரு ஊக்கு குத்திக்கலாம்."

"ஊக்கா? உனக்க வாப்பா தந்த துணியில ஓட்டை போடவா? நடக்காத காரியம்."

"அப்பம் வலது கையில கெட்டுவோம்."

"அதுல தஸ்பீஹ் இருக்குல்லா?"

இரண்டு கையும் நிறைந்த மனுஷியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அதுவரை சும்மா நின்ற வியாகுலம்மாள் பொறுமை இழந்தாள். "ஏட்டி, நடக்கது காலுதானே? காலுல கெட்டு. கைய என்னத்துக்குப் போட்டு பாடுபடுத்துக?"

பூட்டிக் கிடந்த ஒரு கடையின் படியில் உம்மாவை உட்கார வைத்து, கணுக்காலில் கட்டினேன். கடைசி ஓட்டையில்தான் மாட்ட முடிந்தது. பிறகு துறைமுகம் வரை மூன்று பேரும் நடந்தோம். வலை பார்த்துக்கொண்டிருந்த ஆட்களுக்குப் பக்கத்தில் போகும்போது உம்மா திடீரென்று "அல்லாவே, என்னமோ கடிச்சிட்டு!" என்று ஒற்றைக் காலில் துள்ளினாள். குனிந்து பார்த்தால் பேண்ட் அதிர்ந்து, அன்றைய நடைக் கணக்கு நிறைந்துவிட்டது என்று பட்டாசுப் படம் போட்டு, வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறது. வியாகுலம்மாள் சிரித்த சிரிப்பில் வலைக்காரர்களும் சிரித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வருவதற்குள் காக்காவின் வீடியோ கால் வந்துவிட்டது. "ஏட்டி, இன்னைக்கு ஆருக்க கையில கெட்டின?" என்று ஆரம்பித்தான். நான் போனை உம்மாவின் கால் பக்கம் திருப்பினேன். பிறகு உம்மா துப்பட்டியைப் பிடித்து நடந்தும் காட்டினாள், தேங்காய் இல்லாமலே துருவியும் காட்டினாள். அவன் முதலில் விழித்தான், பிறகு சிரித்தான், கடைசியில் கண்ணைத் துடைத்தான்.

"உம்மா, நான் உன்னை அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. லீவு இன்னைக்கே எழுதிக் குடுக்கேன். டிக்கெட்டும் போடுகேன்."

உம்மா கணுக்காலில் இருந்த பேண்டைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் வந்ததும் கேள்விதான். "மக்கா, அங்க வந்தா இத எதுல கெட்டணும்? கையிலயா, காலுலயா?"

"எதுலயும் கெட்டண்டாம் உம்மா. அங்க ரொம்பக் கூட்டம். நீ எனக்க கையப் பிடிச்சிட்டு நடந்தா போதும்."

"அப்பம் நடந்த கணக்கு?"

"நாந்தான் கூட நடக்கனே. எனக்குத் தெரியாதா?"

உம்மா துப்பட்டியைப் பிடிக்கிற தன் இடது கையை விரித்துப் பார்த்தாள். வலது கையில் தஸ்பீஹ் இருந்தது. மறுபடி இடது கையைப் பார்த்தாள். பிறகு துப்பட்டியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி ஜஸ்னா, அந்த ஊக்க எடுத்துட்டு வா."