எங்கள் பெட்டியில் அவர்கள் ஒயர்

மன்னிப்புக் கேட்க வேண்டியது யார் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை.

நாற்பத்தொரு வருடமாகக் காஞ்சிபுரத்தில் மைக்செட் வைக்கிறோம். மகன் வேல்முருகன் துபாய்க்குப் போனபின் தொழிலை நடத்துவது மருமகள் தேவகி. டிப்ளமோ எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். கூம்பு ஸ்பீக்கரோடு நின்றிருந்த எங்களை ஒயர்லெஸ் மைக்குக்குக் கொண்டுவந்தவள் அவள்தான்.

நெல் மண்டி வர்த்தமான் சமணர். அவர் வீட்டு விசேஷம் எதுவும் எங்கள் மைக் இல்லாமல் நடந்ததில்லை. சென்ற வைகாசியில் அவருடைய அப்பா பார்சுவநாதனுக்கு எண்பது வயது நிறைவு விழா. தேரோடும் வீதியில் மண்டபம், பூவராகவன் நாதஸ்வரம். மூன்று மணிக்குப் பேச்சு, ஐந்து மணிக்குப் பந்தி. பொழுது சாய்ந்தால் அவர்கள் வாயில் எதுவும் போடமாட்டார்கள். "பேச்சு நீண்டா பெரியவங்க பட்டினிதாண்ணா" என்று ஒரு வாரம் முன்பே சொல்லியிருந்தார்.

அன்று தேரும் சேர்ந்துகொண்டது. தேர் நிலைக்கு வரும்வரை வீதியில் மின்சாரம் கிடையாது. மண்டபத்தில் ஜெனரேட்டர்.

தேவகி காலை ஏழு மணிக்கே வந்து நெட்வொர்க் அமைத்தாள். எட்டு மைக், அவற்றின் குரலை வாங்க எட்டு ரிசீவர். முன்பு ரிசீவருக்கு ஒன்றாக, குரல்களைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்சர்வரை ஒயர் இழுப்போம். இப்போது எல்லாம் சுவிட்ச் என்ற ஒரே பெட்டியில் சேர்ந்து, ஒரே கேபிளில் மிக்சருக்குப் போகும். ஒவ்வொரு ரிசீவருக்கும் ஒரு முகவரி எண் உண்டு. அதை எங்கள் ரவுட்டர் கொடுக்கும். வீதி எண் மாறிப்போன வீட்டுக்குத் தபால் வராததுபோல, எண் வரிசை மாறினால் குரல் மிக்சருக்கு வராது.

நான்கரைக்குத் தேர் நிலைக்கு வந்தது. மண்டபத்துக்காரர்கள் ஜெனரேட்டரிலிருந்து மின்சாரத்துக்கு மாற்றினார்கள். ஒரு நொடி எல்லாம் அணைந்து எரிந்தது. எரிந்தபின் ஐந்து மைக் ஊமை. மேடையில் பார்சுவநாதன் வாயை அசைக்கிறார், சத்தமில்லை.

நேரலை ஒளிபரப்புக்குச் சென்னையிலிருந்து வந்த கலைவாணன், மேடையோரம் நின்று எல்லாருக்கும் கேட்கிறாற்போல் சொன்னார்:

"ஸ்பீக்கர் கட்றவங்க கையில நெட்வொர்க்க குடுத்தா இப்டித்தான் சார்."

தேவகி லேப்டாப்பைப் பார்த்தாள், மேடைக்கு அடியில் குனிந்து போனாள். கையில் ஒரு ஒயரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"மாமா, இது நம்மளுது இல்ல. அவரோட ரவுட்டர நம்ம சுவிட்ச்ல சொருகியிருக்காரு. கரண்டு போய் வந்ததும் அஞ்சு ரிசீவர் அதுகிட்ட நம்பர் வாங்கிக்கினு நிக்குது."

பிடுங்கினாள். ஐந்து ரிசீவரையும் அணைத்து மறுபடி போட்டாள். பதினோரு நிமிடத்தில் குரல் வந்தது. அப்போதும் கலைவாணன், "ஒரு போர்ட் காலியா இருந்துச்சு, போட்டேன். லாக் பண்ணி வெச்சிருக்க வேணாமா?" என்றார். திறந்திருந்த வீட்டில் நுழைந்தவன் பூட்டாதவரைத் திட்டுகிற நியாயம்!

பேச்சு முடிகிற நேரத்தில் வர்த்தமான் என்னிடம் வந்தார்.

"அண்ணா, யார் தப்போ இருந்துட்டுப் போவட்டும். கலைவாணன் எங்களுக்கு வரப்போற மாப்பிள்ளையோட சிநேகிதர். உங்க மருமகள மைக்ல ஒரு வார்த்தை மன்னிப்பு கேக்கச் சொல்லுங்க. முடிச்சிட்டு பந்திக்குப் போயிடலாம்."

"தப்பு பண்ணது அவரு. கேக்கறது எங்க வீட்டுப் பொண்ணா?"

"நான் சொல்லிட்றேன் மாமா," என்றாள் தேவகி. "வயசானவங்க பசியோட ஒக்காந்துக்கினு இருக்காங்க."

"நீ சும்மா இரும்மா."

கூலிக்கு வந்தவர்கள் என்றால் பழியையும் சேர்த்துச் சுமக்க வேண்டுமா? நானே மேடையேறி மைக்கை வாங்கினேன்.

"பதினோரு நிமிஷம் சத்தம் நின்னுச்சு. எங்க பெட்டியில வேறொருத்தர் கேக்காம ஒயர சொருகினதால நின்னுச்சு. அவர் பேர சொல்ல மாட்டேன். இந்தப் பக்கம்தான் நிக்கறாரு," என்று திரும்பிப் பார்க்காமலே மேடையோரம் கை காட்டினேன். "கண்டுபிடிச்சு சரி பண்ணது என் மருமக தேவகி. எல்லாரும் சாப்பிடப் போங்க."

சபையில் சிரிப்பு எழுந்தது. பார்சுவநாதன், "இலை போடுங்கப்பா, வெளிச்சம் போவுது" என்று எழுந்தார்.

வர்த்தமான் முகம் சிவந்திருந்தது. "எங்க மேடையில எங்க விருந்தாளிய அவமானப்படுத்திட்டீங்க. ஆவணியில பொண்ணு கல்யாணத்துக்கு வேற ஆள பாத்துக்கறேன்."

"தாராளமா பாருங்க."

அந்தப் பந்தியில் கை நனைப்பதில்லை என்று முடிவுசெய்து கேபிளைச் சுருட்டினேன். தேவகி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"பேரச் சொல்லியிருக்கலாம் மாமா."

"எதுக்கு?"

"நீங்க கை காட்டினப்ப கலைவாணன் கேமரா பக்கம் போயிட்டாரு. அங்க நின்னுக்கினு இருந்தது நாதஸ்வரம் பூவராகவன். எல்லாரும் அவரப் பாத்துதான் சிரிச்சாங்க. மனுசன் மூஞ்சி சுண்டிப்போச்சு."

கேபிள் சுருளைக் கீழே போட்டேன். ஒரு நிமிடம்கூட அங்கே நிற்க முடியவில்லை. பந்திக்குள் போனேன். பூவராகவன் இலையில் சோற்றைப் பிசையாமல் உட்கார்ந்திருந்தார். வர்த்தமான் நெய் ஊற்றிக்கொண்டிருந்தார். எதிர்வரிசையில் கலைவாணன்.

"பூவராகவன், தப்பு என்னுது. பேரச் சொல்லாம கை காட்டிட்டேன், பழி உன்மேல விழுந்துடுச்சு. என்னை மன்னிச்சிடு," என்றேன். வரிசை முழுதும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன். "ஒயர சொருகினது கலைவாணன்."

வர்த்தமான் கையில் நெய்க்கரண்டி அப்படியே நின்றது. பூவராகவன் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சோற்றில் கை வைத்தார். கலைவாணன் இலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அன்று அந்த மண்டபத்தில் கேட்கப்பட்ட மன்னிப்பு அது ஒன்றுதான்.