ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு

சத்தியவேடு பஸ் நிலையத்தில் காலை ஷிப்டுக்கான கம்பெனி பஸ் வந்து நின்றது. நீலக் கோட்டு போட்ட பெண்கள் டிபன் டப்பாவும் தூக்கக் கலக்கமுமாக ஏறினார்கள். அதே நீலக் கோட்டும் கழுத்தில் அதே அடையாள அட்டையுமாக நின்ற இரண்டு பேர் மட்டும் ஏறவில்லை. பஸ் முக்கு திரும்பியதும் தாட்சாயணி கோட்டைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள். பவ்யாவும் அப்படியே செய்தாள்.

"போனை ஆஃப் பண்ணியா?" என்றாள் தாட்சாயணி.

"வாசப்படி தாண்டினதுமே பண்ட்டேன்."

"சாயங்காலம் திரும்பி வர்ற வரைக்கும் தொடாத. ஷிப்டுல போன் உள்ள உடமாட்டாங்கன்னு உங்க நைனாவுக்குத் தெரியும். ஆஃப்ல இருந்தாதான் நம்புவாரு."

ஸ்ரீசிட்டி பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகும் பெண்களிடம் இது பழைய ஏற்பாடு. வார விடுமுறை நாளில் சினிமாவுக்குப் போக வேண்டுமா, திருமலைக்குப் போக வேண்டுமா, தோழி வீட்டில் சும்மா படுத்துக் கிடக்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் வீட்டில் சொல்வது ஒரே வார்த்தை: ஓடி. அதாவது ஓவர்டைம். மலைக்குப் போகிறேன் என்றால் யாரோடு, எதற்கு, வயசுப் பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று கேள்விகள் வரும். ஓடி என்றால் சோறு கட்டிக் கொடுத்து அனுப்புவார்கள். இந்த வித்தையில் தாட்சாயணி கைதேர்ந்தவள். பவ்யாவுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான்.

தாட்சாயணி விடுமுறை நாள்களில் தேடிப் போவது டப்பாக்களை. உலகம் முழுக்க யார் யாரோ பாறை இடுக்கிலும் மரப் பொந்திலும் சின்ன டப்பாவை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஒரு செயலியில் போடுகிறார்கள். மற்றவர்கள் போனைப் பிடித்துக்கொண்டு தேடிப் போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். ஜியோகேச்சிங் என்று பெயர். நாள் முழுக்க ஒரே பெல்ட் முன்னால் நின்று ஒரே திருகாணியை முடுக்குகிறவளுக்கு, தானாகத் தேடி ஒன்றைக் கண்டுபிடிப்பதில் இருந்த ருசி வேறு எதிலும் இல்லை. அதைச் சொல்லிச் சொல்லியே பவ்யாவையும் இழுத்துவிட்டாள்.

வேறு பஸ் பிடித்துப் புத்தூரில் இறங்கி டீ குடிக்கும்போது பவ்யாவின் பையைப் பெஞ்சில் கொட்டச் சொன்னாள்.

"இன்னாடி இது? லிப்ஸ்டிக், செல்ஃபி குச்சி, அரை லிட்டர் தண்ணி. பொண்ணு பாக்க வர்றாங்களா?"

"நீதானே ரெண்டு மணி நேர வேலைன்னு சொன்னே?"

"ரெண்டு மணி நேரம் வெயில்ல நடந்தா ஆளுக்கு ரெண்டு லிட்டர் வேணும். போய் வாங்கு. கால்ல செருப்பு போட்டுக்கினு வராத வரைக்கும் பொழச்சே."

தன் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். தடித்த கையுறை இரண்டு ஜோடி. பட்டப்பகலிலும் டார்ச், இடுக்கில் அடித்துப் பார்க்க. ஒரு கம்பு, கையை விடுவதற்கு முன்னால் தட்டிப் பார்க்க. பவர் பேங்க். பேனா. விசில், ஏனென்றால் தொண்டை வறண்டால் கத்த முடியாது, ஊத முடியும். கிரேப் பேண்டேஜ். ஓ.ஆர்.எஸ். பொட்டலம். வழியில் கிடக்கும் குப்பையைப் பொறுக்க ஒரு கவர்.

"மலையில டவர் இருக்காது. மேப்பை இங்கியே டவுன்லோடு பண்ணிக்கணும். இன்னொண்ணு, போன் கொண்டுபோய் உடறது பத்துப் பதினைஞ்சு அடி கிட்டதான். அதுக்கு மேல அதை நம்பாத. பாக்கெட்ல போட்டுட்டு கண்ணால தேடு. எந்தக் கல்லு தானா விழுந்த மாதிரி இல்லியோ அதைப் பாரு."

"நீ கம்பெனில சூப்பர்வைசரா போலாம்டி."

"போனா மொதல்ல உன்னைத்தான் லைனை மாத்துவேன். பேசிக்கினே நிப்பே."

நாராயணவனம் போகும் சாலையில், ஊரைத் தாண்டி, பாறையும் முட்புதருமாக ஒரு சின்னக் கரட்டு மலை. காட்டிலாகா எல்லைக்குள் வராத இடம் என்று தாட்சாயணி முன்பே பார்த்து வைத்திருந்தாள். அடிவாரம் வரை கொண்டுவிட்ட ஆட்டோக்காரர் சிட்டிபாபு அவர்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"எக்கடிக்கம்மா, எங்க போறீங்க ரெண்டு பேரும்? அங்க கோயிலு கூட லேது."

தாட்சாயணி மறைக்கவில்லை. டப்பா விஷயத்தைச் சொன்னாள், செயலியைக் காட்டினாள், எந்தப் பக்கமாக ஏறுகிறோம் என்று கைநீட்டிக் காட்டினாள். அவருடைய எண்ணை வாங்கிக்கொண்டு, "மத்தியானம் ஆகியும் நான் கூப்பிடலைன்னா நீங்களே வந்து பாருங்கண்ணா" என்றாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

"அவருகிட்ட போய் எல்லாத்தையும் ஏன் சொன்னே?" என்றாள் பவ்யா.

"நாம எங்க போறோம்னு ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும். இதுல மொத ரூலே அதான்."

சொல்லும்போது அதில் எந்தக் கோணலும் அவளுக்குத் தெரியவில்லை.

ஏற்றம் பெரிதில்லை. பவ்யா நன்றாகவே ஏறினாள். மேலே போன் சொன்ன இடத்தில் வீடு உயரத்துக்கு ஒரு பாறை இருந்தது. ஒருத்தி இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம் என்று பிரிந்து தேடினார்கள். தாட்சாயணி டார்ச் அடித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கமிருந்து, "கெடச்சிடுச்சு!" என்று கூச்சல் கேட்டது. அடுத்த நொடியே, "ஆ!"

ஓடிப் போய்ப் பார்த்தாள். பவ்யாவின் இடது கையில் பச்சை நிற டப்பா இருந்தது. வலது கை விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். கையுறை இரண்டும் தரையில் கிடந்தன.

"முள்ளு குத்திச்சு."

"கையுறை எங்க?"

"வேர்க்குதுன்னு கழட்டினேன். சும்மா முள்ளுதான்டி. வா, பேரை எழுதலாம்."

எழுதினார்கள். தாட்சாயணி டப்பாவைக் கம்பால் தள்ளிப் பழைய இடத்திலேயே வைத்துக் கல்லை மூடினாள். நிழலில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைத் தின்றார்கள். பவ்யா இரண்டு வாய்தான் தின்றாள், அதுவும் இடது கையால். வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள். முகத்தில் வேர்வை கோத்திருந்தது. இறங்குவதற்கு எழுந்தவள் தள்ளாடிப் பாறையைப் பிடித்தபோதுதான் தாட்சாயணி துப்பட்டாவை விலக்கிப் பார்த்தாள். விரல் மட்டுமல்ல, புறங்கை முழுவதும் பன்னு மாதிரி உப்பியிருந்தது. மோதிரம் சதைக்குள் புதைந்துகொண்டிருந்தது.

"முள்ளா இது?"

பவ்யா கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"பவ்யா, இன்னாத்தைப் பாத்தே?"

"சின்னதுதான். கல்லு கலர்ல இருந்துச்சு. வாலு உள்ள போறதைப் பாத்தேன்."

தாட்சாயணி போனில் மணி பார்த்தாள். சோறு தின்று, பேச்சுப் பேசி, முக்கால் மணி நேரம் போயிருந்தது.

"அப்பவே ஏன்டி சொல்லல?"

"ஆஸ்பத்திரின்னா நைனாவுக்குத் தெரிஞ்சிடும். கம்பெனில இருக்க வேண்டியவ மலை மேல இன்னா பண்ணேன்னு கேப்பாரு. வேலைக்கே அனுப்பமாட்டாரு. சாயங்காலம் ஊருக்குப் போய் மந்திரிச்சிக்கிறேன். பக்கத்து தெருவுலயே ஒருத்தர் இருக்காரு. யாருக்கும் தெரியாது."

"மந்திரிச்சா விஷம் எறங்காது. உக்காரு. ஆடாத."

எச்சிலைத் தடவி மோதிரத்தை உருவினாள். வளையல்களைக் கழற்றினாள். கடிவாய்க்கு மேலே கயிறு கட்டச் சொல்லிப் பவ்யா துப்பட்டாவை நீட்டினாள். "இறுக்கிக் கட்டினா கையே அழுகிடும்" என்று தட்டிவிட்டாள். கீறவில்லை, உறிஞ்சவில்லை, தண்ணீர் ஊற்றித் தேய்க்கவில்லை. கம்பை இரண்டாக உடைத்துக் கைக்கு அணைவாக வைத்து, பேண்டேஜைத் தளர்வாகச் சுற்றி, எலும்பு முறிந்த கை மாதிரி அசையாமல் கட்டினாள். போனில் டவர் இல்லை. பாறை உச்சிக்கு ஏறியதும் ஒரு கோடு வந்தது. முதலில் 108. அடுத்து சிட்டிபாபு.

"ஏமாயிந்திம்மா?"

"பாம்பு கடிச்சிடுச்சுண்ணா. அவளை நடக்க வைக்கக்கூடாது."

"கதலவத்து, நேனொஸ்தா. அசையாம இருங்க. ஆள் கூட்டிக்கினு வரேன். நீ விசில் ஊதிக்கினே இரு."

வயலில் இருந்த இரண்டு பேரோடு அவர் மேலே வந்து சேர்ந்தார். பவ்யாவை ஒரு போர்வையில் கிடத்தித் தூக்கி இறக்கினார்கள். மெயின் ரோட்டில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. விஷமுறிவு மருந்து இருக்கிற இடம் திருப்பதி பெரிய ஆஸ்பத்திரி என்று சொல்லி நேராக அங்கே விட்டார்கள்.

வண்டிக்குள் பவ்யா வாந்தி எடுத்தாள். பல் ஈறில் ரத்தம் கசிந்தது. இனி ஒளிக்க எதுவும் இல்லை என்று தாட்சாயணி, பவ்யா என்றோ கொடுத்து வைத்திருந்த எண்ணில், தன் போனிலிருந்து அவள் அப்பா கோவர்த்தனனைக் கூப்பிட்டாள்.

"மாமா, நான் பவ்யா கூட வேலை செய்யறவ. அவளைப் பாம்பு கடிச்சிடுச்சு. திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு கீறோம். உடனே வாங்க."

"யாரும்மா நீ? எம் பொண்ணு ஓடில கீறா."

"இல்ல மாமா, அவ ஓடிக்குப் போகல."

"காலைல என் கண்ணு முன்னாடி ஐ.டி. மாட்டிக்கினு போனா. போன் கூட ஆஃப்ல கீது. இந்த மாதிரி எத்தினி பேரு கெளம்பிக்கீறீங்க? பொண்ணு ஆஸ்பத்திரில கீறா, பணம் அனுப்புன்னு அடுத்து கேப்பே. வேற ஆளைப் பாரு."

கட் செய்துவிட்டார். மறுபடி அடித்தாள். போகவில்லை. எண்ணைத் தடை செய்துவிட்டிருந்தார். பவ்யாவின் போன் இருந்தது. திறக்கும் எண்ணைச் சொல்லும் நிலையில் அவள் இல்லை.

கையில் போனை வைத்துக்கொண்டு தாட்சாயணி உட்கார்ந்திருந்தாள். பொய்யை அவள் அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தாள். கோட்டு, அட்டை, அணைத்த போன், எதிலும் ஓட்டை இல்லை. இப்போது உண்மை உள்ளே போக ஒரு சந்து கூட இல்லை.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதே ஊரில் இருக்கும் தன் அம்மா பொன்னியம்மாவைக் கூப்பிட்டு பவ்யா வீட்டுக்கு அனுப்புவது. கூப்பிட்டால் இத்தனை நாள் போன மலையெல்லாம் வெளியே வரும். இனி ஒரு மலையும் இருக்காது. பவ்யா கண்ணை மூடிக்கொண்டு முனகினாள். தாட்சாயணி பொத்தானை அழுத்தினாள்.

"ஷிப்டுல எப்படிடி போன் உட்டாங்க?" என்றாள் பொன்னியம்மா.

"ஷிப்டு இல்லம்மா. பொய் சொன்னேன். இன்னிக்கு மட்டும் இல்ல, ரொம்ப நாளா. அப்புறமா என்னைக் கொல்லு. இப்ப பவ்யாவைப் பாம்பு கடிச்சிடுச்சு, திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீ அவங்க வீட்டுக்கு ஓடு. அவங்க நைனா நான் சொன்னா நம்பமாட்டேங்கறாரு."

"உனக்கு ஒண்ணும் ஆகலியே?"

"இல்ல."

"வை. போறேன்."

மருந்து ஏறி, ரத்தம் உறைகிறதா என்று சோதித்துச் சோதித்து, டாக்டர் அம்மா வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. "உயிருக்கு பயமில்லை. கையும் தப்பும். கட்டு போட்டு ஆடாம கொண்டாந்தது நல்லது. ஆனா முக்கால் மணி நேரத்தை ஏன் வீணாக்கினீங்க? உடனே வந்திருந்தா வீக்கம் இவ்ளோ ஏறியிருக்காது" என்றார்.

கோவர்த்தனனும் பொன்னியம்மாவும் பக்கத்தில் நின்றிருந்தார்கள். கோவர்த்தனன் வயலில் இருந்து அப்படியே வந்திருந்தார், முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. டாக்டர் நகர்ந்ததும் தாட்சாயணி பக்கம் திரும்பினார்.

"நீதானா எம் பொண்ணைக் கெடுத்தது? நாளையில இருந்து அவளுக்கு வேலையும் வேணா, ஒரு மண்ணும் வேணா. வீட்டுலயே கெடக்கட்டும்."

"பொய் சொல்லச் சொன்னது நான்தான் மாமா. அந்தத் தப்பு என்னுது" என்றாள் தாட்சாயணி. குரல் இறங்கவில்லை. "ஆனா அவ பாம்பைப் பாத்தும் முள்ளுன்னு சொன்னது எனக்கு பயந்துக்கினு இல்ல. உங்களுக்கு பயந்துக்கினு. விஷத்தை விட உங்க கேள்வி பெருசாத் தெரிஞ்சிருக்கு அவளுக்கு."

"வாயை மூடுடி" என்றாள் பொன்னியம்மா. ஆனால் அவள் கோபம் வேறு இடத்தில் இருந்தது. "ஆட்டோக்காரருக்கு எங்க போறேன்னு சொல்லத் தெரிஞ்சுது. பெத்தவகிட்ட சொல்ல வாய் வரல?"

"சொல்லியிருந்தா உட்டிருப்பியா?"

பொன்னியம்மா உடனே ஏதோ சொல்ல வந்தாள். நிறுத்திக்கொண்டாள். "மாட்டேன்" என்றாள்.

பிறகு அவளே கோவர்த்தனனைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணா, நிஜத்தைச் சொன்னா அடைச்சு வைப்போம்னு நாம சொன்னா, அதுங்க பொய்யைத்தான் கத்துக்கும். இப்பவும் வேலையை நிறுத்துவேன்னு சொல்றே. அப்புறம் அதுக்கும் ஒரு பொய் பொறக்கும். அன்னிக்கு எந்த மலைன்னு போய்த் தேடுவே?"

கோவர்த்தனன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். தாட்சாயணியும் பின்னாலேயே போய் வாசலில் நின்றாள். பவ்யா அவரைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். அவர் கட்டிலை ஒட்டி நின்று, தலையணை மேல் தூக்கி வைத்திருந்த கையைத் தொடாமல் பார்த்தார்.

"நைனா, வேலையை மட்டும் நிறுத்தாத நைனா."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"வேலைக்குப் போ. மலைக்கும் போவணும்னா போ. ஆனா இன்ன எடம், இன்னாரு கூடன்னு சொல்லிட்டுப் போ. நான் கத்துவேன். கத்தாம இருக்க எனக்குத் தெரியாது. நான் கத்தினாலும் நீ சொல்லிட்டுப் போ."