அண்ணன் மகள்

வடக்குப்பட்டில் செல்வமேரி வாடகைக்கு விட்டிருந்த அறைகளில் தொழிற்சாலைப் பெண்கள் குடியிருந்தனர். ஒன்றில் மட்டும் பொறியியல் கல்லூரி மாணவி சுகிர்தா இருந்தாள். யாழ்ப்பாணத்தவள், படிப்பதற்கான விசாவில் வந்தவள். கல்லூரி விடுதியை விட்டு இங்கே குடிவந்ததைக் காவல்துறைக்குத் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்கவில்லை. பேசும் மொழியும் வணங்கும் மாதாவும் ஒன்றாயிருந்த ஊரில், தான் அயல்நாட்டவள் என்பது அவளுக்கே மறந்துபோயிருந்தது.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டுத் தை மாதம், குடியிருப்போர் விவரம் கேட்டு ஒரு காவலர் வந்தார். சுகிர்தா பெயர் சொன்னதும், "இன்னாம்மா, பேச்சே ஒரு தினுசா கீதே?" என்று சிரித்தார். அவள் வெலவெலத்து நின்றாள். அதைக் காணப் பொறாத செல்வமேரி, இவள் தன் அண்ணன் மகள் என்றும் தூத்துக்குடியில் வளர்ந்தவள் என்றும் நாக்கூசாமல் சொல்லிவிட்டாள். காவலர் எழுதிக்கொண்டு போனார்.

அந்தப் பரிவே வினையாயிற்று. கல்லூரிப் பதிவில் இலங்கைக் குடிமகள். காவலர் எழுதிச் சென்ற பதிவில் தூத்துக்குடிப் பெண். ஒத்துப் பார்த்தபோது முரண் வெளிப்பட்டது. தன்னை மறைத்துத் தங்கியவளை ஏன் நாட்டைவிட்டு அனுப்பக் கூடாது என்று காஞ்சிபுரத்துக் காவல் அலுவலகம் மாசியில் விளக்கம் கேட்டது. இறுதித் தேர்வோ சித்திரையில். இப்போது போனால் பட்டம் இல்லை. சுகிர்தா சுவரைப் பார்த்துக் கிடந்தாள். செல்வமேரி பக்கத்தில் அமர்ந்து, அவளிடம் எதுவும் கேட்காமல், மெல்லிய குரலில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பாள்.

பங்குக் கோயிலில் பழக்கமான வழக்கறிஞர் பெரியநாயகம் முன்வந்தார். முகவரி தெரிவிக்காதது சிறு பிழை, அபராதத்தோடு தீர்ந்துவிடும். பொய்தான் கழுத்தை இறுக்குகிறது என்றார். அது தன் பொய் என்று செல்வமேரியே அதிகாரி முன் ஒப்புக்கொள்ள வேண்டும்; அந்தப் பெண் தனக்கு உறவே இல்லை என்றும் சொல்ல வேண்டும். அதனால் அவள்மேலேயே வழக்கு வரலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

"கேஸ் வந்தா வரட்டும்," என்றாள் செல்வமேரி. "அந்தப் பொண்ண எதிர்ல வச்சிக்கினு, இவ யாரோன்னு சொல்லணுமா? ஏசுவத் தெரியாதுன்ன பேதுரு கணக்கா மறுதலிக்கச் சொல்றீங்களா வக்கீலய்யா?"

"பேதுரு தன்னைக் காப்பாத்திக்கறதுக்காகச் சொன்னாரு. நீங்க உங்களையே மாட்டிவிட்டுக்கிட்டுச் சொல்லப்போறீங்க. ரெண்டும் ஒண்ணில்லம்மா."

விசாரணை நாளில் காஞ்சிபுரத்து அலுவலகத்தில் சுகிர்தா சுவரோரம் நின்றாள். இவள் உங்களுக்கு என்ன உறவு என்று அதிகாரி கேட்டார். செல்வமேரி அவள் பக்கம் திரும்பவில்லை.

"உறவு இல்ல சார். வாடகைக்குக் கீது. அண்ணன் பொண்ணுன்னு நானாத்தான் சொன்னேன். அது சொல்லச் சொல்லல."

ஏன் சொன்னீர்கள் என்றார். பயந்து நின்றது, அதனால் சொன்னேன் என்றாள். பக்கத்தில் நின்றவள் ஏன் வாய்மூடியிருந்தாள் என்ற கேள்வி பிறகு சுகிர்தாவிடம் வந்தது. பயத்தில் பேச்சு வரவில்லை என்று சொல்லும்படி பெரியநாயகம் முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார். அவள் அதைச் சொல்லவில்லை.

"மறுத்திருக்க வேணும் ஐயா. என்னை ஒராள் தன்ர அண்ணன் மகள் எண்டு சொல்லேக்குள்ள, இல்லை எண்டு சொல்ல மனம் வரேல்லை."

பெரியநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி முகத்தில் ஒன்றும் காட்டாமல் தம் முடிவைச் சொன்னார்: அபராதம் கட்டிவிட்டுத் தேர்வு முடியும்வரை இருக்கலாம். செல்வமேரிக்கு இம்முறை எச்சரிக்கை மட்டும். ஆனால் பொய்த் தகவல் தந்தவர் வீட்டில் அந்தப் பெண் இனித் தங்கக் கூடாது. அன்றைக்கே விடுதிக்குத் திரும்ப வேண்டும்.

மூவரும் திரும்பிய பேருந்து வாலாஜாபாத்தைத் தாண்டியது. செல்வமேரியின் பக்கத்தில் அமர்ந்திருந்தும் சுகிர்தா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் மனம் புண்பட்டதா என்பது செல்வமேரிக்குத் தெரியவில்லை, கேட்கவும் துணிவில்லை.

"ஞாயிறு பூசை முடிஞ்சு வீட்ட வரலாமோ அன்ரி?"

செல்வமேரி முன்னிருக்கையிலிருந்த வழக்கறிஞரைப் பார்த்தாள். உத்தரவு தங்குவதைத்தான் தடுக்கிறது, வந்து போவதையல்ல என்றார் அவர், திரும்பாமலே.

"வா," என்றாள் செல்வமேரி. "ரோட்டாண்ட வந்து நிக்கிறேன்."